ரெண்டு இரும்புக்கு நடுவுல

இல்ல தம்பி, அதையும் பண்ணிப் பாத்துட்டேன். அணைச்சு அணைச்சுப் போட்டதுல அந்தப் பொத்தானே தேஞ்சுபோச்சு. உங்க ஆபீசுக்கு எப்ப கூப்பிட்டாலும் அந்தப் பொண்ணு முதல்ல கேக்கறது அதான், மோடத்தை ஒருவாட்டி அணைச்சுப் போட்டீங்களா மேடம்னு. கடைசியா என் குரலைக் கேட்டதுமே, மறுபடியும் நீங்களான்னுட்டா.

பாத்து வாங்க, அந்தத் துணி மூட்டையைத் தாண்டி வரணும். முன்ரூம் தையல் கடை, பின்ரூம் குடித்தனம். எது எங்க முடியுதுன்னு எனக்கே தெரியாது. மோடம் அங்க முன்னாடி, வெட்டற மேஜைக்கு மேல. கம்ப்யூட்டர் இங்க.

வயர் இழுக்கறதா? வீட்டுக்காரம்மா செவுத்துல ஆணி அடிக்கவே விடமாட்டாங்க, நீங்க ஓட்டை போடறேன்றீங்க. வயர்லெஸ்லயே ஏதாவது வழி சொல்லுங்க.

அதான் எனக்கும் புரியலை. இதே நாற்காலியில உக்காந்து, இதே வைஃபையில, செல்லுல பாத்தா பறக்குது. இதுல மட்டும் ஆமை. எங்க வீட்டுக்காரரு, அதுக்கும் வயசாகுதுல்லன்னாரு. அவரு எதுக்கும் அதான் சொல்வாரு. அப்புறம் எங்க நாத்தனார் புருஷன் வந்தாரு. அவருக்குத் தெரியாத விஷயமே கிடையாது. மோடத்துக்குப் பின்னாடி அலுமினியத் தாளை ஒட்டினா சிக்னல் உங்க பக்கம் திரும்பும்னாரு. திரும்பத்தான் செஞ்சுது. மறுநாள் எதிர்வீட்டுக்காரம்மா வந்து, அக்கா, உங்க வைஃபை எங்க வீட்ல பிரமாதமா காட்டுது, பாஸ்வேர்டு என்னன்னு கேட்டாங்க.

சிபியு கீழதான் இருக்கு, பீரோவை ஒட்டினாப்புல. ஆமா, இரும்பு பீரோ. வைஃபை பிடிக்கறதுக்கு அதோட முதுகுல ஒரு குச்சி சொருகியிருக்கு பாருங்க, நகம் சைஸ்ல. ஏன் தம்பி அப்படிப் பாக்கறீங்க? அட. இந்தப் பக்கம் பீரோ, அந்தப் பக்கம் சிபியு டப்பா, ரெண்டு இரும்புக்கு நடுவுல மூச்சு விட முடியாம கிடக்குதா அது. அப்ப நான் மோடத்தைத் திட்டினதெல்லாம் வீண்பழி.

ஓ, குச்சியை நீட்டிவிடற குட்டி வயர் உங்ககிட்டயே இருக்கா. அதுல மாட்டி குச்சியை மேஜை மேல கொண்டுவந்துடலாம்னா, தாராளமா. டேப்பா? தையக்காரி வீட்ல டேப்புக்கா பஞ்சம், இந்தாங்க. ஐயோ, ஒட்டற டேப்பா. நான் அளவெடுக்கறதை நீட்டறேன்.

அந்த ஸ்பீடு நம்பரெல்லாம் எனக்குப் புரியாது தம்பி. வீடியோ கால் நிக்காம போகுமா, அதை மட்டும் சொல்லுங்க.

செல்லுலயே பேசலாமேன்னா, பேசலாம்தான். ஆனா என் தங்கச்சிகிட்ட பேச எனக்கு ரெண்டு கையும் வேணும். அவளுக்குப் பொறந்ததுலேந்து காது கேக்காது. எங்க பேச்செல்லாம் கையிலதான். ஒரு கையில செல்லைப் பிடிச்சா பாதிப் பேச்சு போயிடும், சாச்சு வெச்சா அந்தச் சின்னத் திரையில அவ விரலு தெரியாது. மூஞ்சியை அப்படி வெச்சுக்காதீங்க, அவ கை போற வேகத்துக்கு என் வாயே ஈடு குடுக்காது. அவ வீட்டுக்காரருக்கும் கேக்காது. ஒரே ஆபீசு, பிடிச்சுப்போயி கட்டிக்கிட்டாங்க. இருக்கறது தூரத்து ஊரு, சுத்தி வேற பாஷை.

போன மாசம் அவ குழந்தைக்குக் காது டெஸ்ட். முடிவைச் சொல்ல இதுல வந்தா. கையைத் தூக்கினா. படம் அப்படியே நின்னுபோச்சு. தூக்கின கை, கண்ணு நிறையத் தண்ணி. கேக்குதுன்னு சொல்ல வந்தாளா, கேக்கலைன்னு சொல்ல வந்தாளா, எப்படித் தெரியும்? ரெண்டுல எதுவா இருந்தாலும் அவன் நம்ம பையன்தான். இருந்தாலும் அந்த நின்ன கையையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன் பாருங்க, அது யாருக்கும் வேண்டாம். அப்புறம் மெசேஜ் வந்துச்சு. நல்லா கேக்குதாம்.

பின்ன அவ எதுக்கு அழுதான்னா, மறுநாள் சொன்னா. கைப்பேச்சை நாங்க சொல்லிக்குடுத்துடுவோம், வாய்ப்பேச்சுக்கு எங்க போறது, நம்ம பாஷை அவன் காதுல யாரு போடுவான்னா. நீதான் சின்ன வயசுலேந்து வாயை மூடினதில்லைன்னு எல்லாரும் சொல்றாங்களே, தினம் வந்து அவன்கிட்ட பேசுன்னா. என் வாய்க்கு முதமுதலா கிடைச்ச மரியாதை தம்பி.

தினமும் அவனைக் குளிப்பாட்டினதும் இந்நேரத்துக்கு மடியில வெச்சுக்கிட்டு உக்காருவா. நான் பாட்டுக்கு, எந்தச் சட்டைக்குக் காலர் கோணிப்போச்சு, யாரு வந்து சண்டை போட்டாங்க, எல்லாம் சொல்வேன். ஆனா குரல் விட்டுவிட்டுப் போனா முகத்தைச் சுளிச்சுத் திரும்பிக்கறான். அதான் உங்களை இந்த விரட்டு விரட்டினேன்.

இதோ, அவதான் கூப்பிடறா. பையை அப்புறம் கட்டலாம், உக்காருங்க. பாருங்களேன், அவன் கண்ணு இமை கூடத் தெரியுது. இருங்க, நீங்க யாருன்னு அவளுக்குச் சொல்லிடறேன். வணக்கம்னு சொல்றா உங்களுக்கு.

தம்பி, நம்ம பாஷையில அவன் என் ஒரு குரலைத்தான் கேட்டிருக்கான். நீங்களும் ரெண்டு வார்த்தை பேசுங்க. என்ன பேசறதுன்னா, என்னவோ ஒண்ணு. காலையில என்ன சாப்பிட்டீங்கன்னு சொல்லுங்க. கேட்டுக்குவான்.