மாட்டிக்கிட்ட கால்

பேசாதீங்க சார், கத்தி தாடையில நிக்குது. நீங்க எதுக்கு வந்திருக்கீங்கன்னு உள்ள நுழையும்போதே தெரிஞ்சுபோச்சு. மழிச்ச மூஞ்சியை மறுபடி மழிச்சுக்க இவ்வளவு தூரம் எவன் வருவான்? எங்க கேப்டன், தனக்குக் குடுத்த வீரப் பதக்கத்தைத் திருப்பி எடுத்துக்கங்கன்னு மேலிடத்துக்கு எழுதிப் போட்டிருக்காரு. அவரோட பீரங்கியில நின்னவங்கள்ல இன்னிக்கு உசுரோட இருக்கிறது நான் ஒருத்தன்தான். அதனால விசாரிக்க இங்க வந்துட்டீங்க. ஆமான்னா கண்ணை மட்டும் சிமிட்டுங்க.

சரி. தலையை இந்தப் பக்கம் சாய்ங்க.

அந்தப் பதக்கத்தோட மனுஷன் படற பாடு இருக்கே! எந்த மேடையில ஏத்தினாலும் ஒரே பேச்சுதான். நான் வீரன் இல்லீங்க, பீரங்கி பின்னால உதைச்சதுல சக்கரம் பூட்ஸ் மேல ஏறிச் சேத்துல அமுக்கிடுச்சு, ஓட முடியல, அதான் நின்னு சுட்டேன்னுவாரு. ஜனங்க என்ன பண்ணும்? ஐயோ, எவ்வளவு அடக்கம்னு எந்திரிச்சு நின்னு கை தட்டும். ஒருதரம் கடுப்பாகி, அடக்கமும் இல்ல, ஒரு மண்ணும் இல்லன்னு கத்திட்டாரு. இன்னும் பலமா தட்டினாங்க. அவரு சம்சாரம் பதக்கத்தைக் கூடத்துல மாட்டுவாங்க, இவரு கழட்டிப் பழைய சாக்ஸுக்குள்ள சுருட்டி வைப்பாரு.

அசையாதீங்க.

அன்னிக்கு எதிரிக் குண்டு எங்களை நெருங்கிடுச்சு. பள்ளத்துக்கு ஓடுங்கடான்னு விரட்டினது அவர்தான். உத்தரவு சார், ஓடினோம். மூணு பேர் வழியிலயே போயிட்டாங்க. ஓடச் சொன்னவருக்கு நெஞ்சுல பதக்கம். அதான் குத்துது அவருக்கு. எனக்கும் வயிறு எரியத்தான் செய்யுது, இல்லைன்னு சொல்லல.

போன வாரம் இதே நாற்காலியில உக்காந்துக்கிட்டு, யாராவது கேட்டா கால் மாட்டிக்கிச்சுன்னு சொல்லிடுடான்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. கத்தி பிடிச்சிருந்த கையை! பீரங்கிக்கு முன்னால பயப்படாதவன் அன்னிக்குப் பயந்துட்டேன். சரிங்கன்னு தலையாட்டி வச்சேன்.

அதனால எழுதிக்கங்க. கால் மாட்டிக்கிச்சு. நிஜம்தான், ஓடும்போது திரும்பிப் பார்த்தேன். அவரு பொய் சொல்ற ஆள் இல்ல.

மேல் உதட்டை இழுத்துப் பிடிங்க. ஆங்.

சண்டை ஓஞ்சதும் முதல்ல திரும்பிப் போனதும் நான்தான். சக்கரத்துக்கடியில பூட்ஸ் அப்படியே இருந்துச்சு. நாடா அடி ஓட்டை வரைக்கும் அவிழ்ந்து கிடந்துச்சு. உள்ள கால் இல்ல. பீரங்கிக்கும் குண்டு அடுக்கி வச்சிருந்த இடத்துக்கும் நடுவுல, சேறு பூரா போறதும் வர்றதுமாத் தடம். ஒரு கால் பூட்ஸு, ஒரு கால் வெறுங்கால். ஓடி ஒளியற பள்ளம் அந்த குண்டு அடுக்கைவிடக் கிட்டதான் சார் இருந்துச்சு.

முடிஞ்சுது, மூஞ்சியைக் கழுவிக்கங்க. நான் சொன்னேன்னு மட்டும் அவர்கிட்ட சொல்லிடாதீங்க. ஞாயித்துக்கிழமை முடிவெட்ட வருவாரு.