இரண்டு வருடம் யாருக்கு?

அவைத் தலைவர் அவர்களே, பூந்தமல்லி வழக்கறிஞர் நண்பர்களே, ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வெள்ளானூரிலிருந்தும் சேக்காட்டிலிருந்தும் வந்திருக்கும் தாய்மார்களே!

'வழக்கறிஞர் துலுக்கானம், வயது முப்பத்து மூன்று' என்று இந்த இரங்கல் கூட்டத்து அழைப்பில் அச்சிட்டிருக்கிறோம். அது சரியான வயதா? யாருக்குத் தெரியும்? தலைக்கு மேலே கையைப் போட்டு மறுபக்கக் காதைத் தொட்டதும் பள்ளிக்கூடத்து வாத்தியார் எழுதிக்கொண்ட ஜூன் முதல் தேதிதான் அவனுடைய பிறந்த நாள். "என் வயசே ரெண்டு வருசம் முன்ன பின்ன கீது மச்சான்" என்று சொல்லிச் சிரிப்பான். மேடையில் 'அவர்' என்று சொல்வதுதான் முறை. ஒரே வகுப்பில் சட்டம் படித்தவர்கள் நாங்கள். எனக்கு அவன், அவன்தான்.

அவனைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். என் அங்கி அவனுடையதைவிடப் புதியது. என் ஆங்கிலம் அவனுடையதைவிடச் சுத்தமானது. ஆனால் செம்பரம்பாக்கத்திலிருந்து நடந்தே வருகிறவர்கள் என் மேசையைத் தாண்டி அவன் மேசைக்குத்தான் போனார்கள். மஞ்சள் காமாலை அவனைக் கொண்டுபோன பிறகும், இந்தக் கூட்டத்தைப் பார்க்கையில் எனக்கு அதே பொறாமைதான்.

அந்தப் பொறாமை என்ன செய்தது என்று சொல்லத்தான் வந்தேன்.

சென்ற ஆண்டு ஒரு தொழிற்சாலையில் செம்புக் கம்பி திருடியதாக இரண்டு ஒப்பந்தக் கூலிகளைப் பிடித்தார்கள். மதுரைவீரனுக்கு அவன் வக்கீல், சின்னப்பையனுக்கு நான். பதினெட்டு நிறையாவிட்டால் சீர்திருத்தப் பள்ளி. நிறைந்துவிட்டால் பெரியவர்களோடு சிறை. அதிகாரிகள் குவார்ட்டர்ஸில் பிறந்த பிள்ளைக்குப் பிறப்புச் சான்று இருக்கும். களத்துமேட்டில் பிறந்தவனுக்கு என்ன இருக்கும்? எலும்புதான் இருக்கும். வயதைக் கணிக்க இருவருக்கும் எக்ஸ்ரே எடுத்தார்கள். இருவருக்கும் ஒரே முடிவு: பதினெட்டிலிருந்து பத்தொன்பது.

டாக்டர் சாட்சிக் கூண்டில் ஏறினார். "கேள்வி இல்லை" என்று சொல்லி நான் உட்கார்ந்துவிட்டேன். துலுக்கானம் எழுந்தான்.

"டாக்டர், இந்தக் கணக்கு எத்தனை வருடம் தவறலாம்?"

"மேலேயோ கீழேயோ இரண்டு வருடம்."

"அப்படியானால் மதுரைவீரனுக்குப் பதினாறாகவும் இருக்கலாம்?"

"இருக்கலாம்."

அந்த இரண்டு வருடம் யாருக்குச் சேரவேண்டும்? சந்தேகத்தின் பலன் குற்றவாளிக் கூண்டில் நிற்பவனுக்கு என்றால், வயதைக் கீழேதானே இறக்க வேண்டும்? அதைத்தான் கேட்டான். நீதிபதி ஏற்றுக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, "உங்கள் தரப்பில்?" என்றார்.

தோழர்களே, 'என் கட்சிக்காரனுக்கும் அதேதான்' என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? நான் சொல்லவில்லை. அவன் கேள்வியை இரவல் வாங்க மனம் வரவில்லை. "அவனுடைய தாயே பத்தொன்பது என்கிறாள்" என்றேன். மதுரைவீரன் சீர்திருத்தப் பள்ளிக்குப் போனான். இன்று அங்கே கடைசல் வேலை படிக்கிறான். சின்னப்பையன் சிறைக்குப் போனான்.

வெளியே சின்னப்பையனின் தாய் முத்தம்மாளை நிறுத்தி, நான் கேட்டிருக்க வேண்டியதைத் துலுக்கானம் கேட்டான்.

"பத்தொம்போதுன்னு யார்கிட்ட மொதல்ல சொன்னே?"

"காண்ட்ராக்டர்கிட்ட நைனா. பதினெட்டு ஆவலன்னா பேக்டரி கேட்டுக்குள்ள உடமாட்டான். அப்பால யார் கேட்டாலும் அதையே சொல்லிகினு வர்றேன்."

"நெசமா எத்தினி?"

"என் தங்கச்சி மவ வடிவு பொறந்தாளே, அதே மாசம். அவளுக்கு இப்போ பதினாறு."

வேலைக்கு உள்ளே விட வயதை ஏற்றச் சொல்கிற ஊர், சிறைக்கு அனுப்பவும் அதே வயதை எடுத்துக்கொள்கிறது. இதற்குப் பெயர் சட்டம். கூட நின்று துணைபோனவன் நான்.

துலுக்கானம் என்னைத் திட்டவில்லை. செங்கல்பட்டு மாவட்ட நீதிமன்றத்துக்கு மேல்முறையீட்டைத் தன் கையால் எழுதினான். அடியில் என் பெயரைப் போட்டான். "உன் பேரு எங்கே?" என்றேன். "கேசு உன்னுது மச்சான். வாயத் தொறந்து கேளு, போதும்" என்றான். அன்றைக்கும் எனக்கு எரிந்தது.

முத்தம்மாள் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். ஏழு மாதமாக மகனைக் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கிறார். அம்மா, நான் செய்ததை இன்றைக்குத்தான் உங்களுக்குச் சொல்கிறேன். வேறு வக்கீல் வேண்டுமென்றால் இப்போதே சொல்லுங்கள்; வழக்குக் கட்டைக் கொடுத்துவிடுகிறேன். வேண்டாமென்றால், வருகிற புதன்கிழமை செங்கல்பட்டில் நான் எழுந்து நிற்பேன். வடிவைச் சாட்சியாகக் கூட்டிக்கொண்டு போவோம். அந்த இரண்டு வருடம் யாருக்கு என்று கேட்பேன்.

கேள்வி அவனுடையது. அதையும் அங்கே சொல்லிவிட்டுத்தான் கேட்பேன்.