போர்க்கப்பலின் முன்கயிறு

ஓடுகிறோம். நான்கு பேர். செவ்வாய்க்கிழமை. காலை ஒன்பது பத்து. முதல் ராக்கெட் ஆற்றில் விழுந்துவிட்டது. பொத்தென்று ஒரு சத்தம். தண்ணீர் எழுந்து விழும் சத்தம். இரண்டாவது, கப்பல் நிற்கும் ஜெட்டிக்குப் பின்னால் கிடங்கின் தகரக் கூரையில். அது காதில் கேட்கவில்லை. பல்லில் கேட்டது.

யார் சுட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. அக்கரை வயல்களிலிருந்து வந்தது. பர்மாவில் உள்நாட்டுச் சண்டை தொடங்கிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. யாங்கோன் துறைமுகத்துக்கு அன்றுதான் வந்தது.

கப்பலைத் துறையில் கயிற்றால் கட்டுவது எங்கள் வேலை. வருகிற கப்பலின் கயிற்றை வாங்கி ஜெட்டியின் குட்டை இரும்புத் தூணில் மாட்டுவோம். போகும்போது கழற்றிவிடுவோம். தலைவர் உ டே, பர்மியர், ஓய்வுக்கு ஒரு வருஷம் இருந்தது. ஜோசப், புறநகர் இன்சீனிலிருந்து சுற்று ரயிலில் வருகிறவன். என் தம்பி குமார். நான். அன்றைக்கு நின்றது சீனப் போர்க்கப்பல். நல்லெண்ண வருகை. இரண்டாம் நாள்.

சீனக் கடற்படை வளர்ந்ததை நான் கையால் அறிந்தவன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் வந்தது சின்னக் கப்பல். பெயின்ட் உரிந்திருந்தது. கயிற்றை நான் ஒருவனே இழுத்து மாட்டினேன். மாலுமிகள் புத்தர் கோயில் கோபுரத்தை வாய் பிளந்து பார்த்தார்கள். எங்களுக்கு சிகரெட் கொடுத்தார்கள். பிறகு வந்ததில் பின்தளத்தில் ஹெலிகாப்டர். கயிற்றுக்கு இரண்டு பேர். அப்புறம் மூன்று கப்பல்கள் சேர்ந்து வந்தன, ஒன்று எண்ணெய் சுமக்க மட்டும்.

"சொந்தமா எண்ணெய் கொண்டு வர்றவன் ரொம்ப தூரம் போறவன்," என்றார் உ டே.

சீனர்கள் கழித்த பழைய கப்பல்கள் எங்கள் நாட்டுக்கு வந்தன. அவற்றின் கயிற்றையும் நாங்களே மாட்டினோம். இந்த முறை கயிறு கெண்டைக்கால் தடிமன். நான்கு பேரும் தோள் கொடுத்தோம். மேல்தளத்தில் வரிசையாக நின்ற மாலுமிகளில் ஒருவரும் கீழே பார்க்கவில்லை.

"கயிறு! கயித்த யாரு அவுக்கிறது? திரும்புங்க!"

பர்மியத்தில் கத்துகிறார் காவலுக்கு வந்த ராணுவ அதிகாரி. காங்கிரீட் கட்டைகளுக்குப் பின்னால் படுத்திருக்கிறார். பெயர் தெரியாது. நாங்கள் நிற்கவில்லை. எங்கள் கால்களுக்கு முன்னால் சுட்டார். ஒரு முறை. தெறித்த சிமெண்டு ஜோசப்பின் முழங்காலைக் கிழித்தது.

"விருந்தாளிக் கப்பலுக்கு எதாவது ஆச்சு, நாலு பேரையும் இங்கயே சுடுவேன்!"

திரும்பினோம்.

பின்கயிறுகளைக் கழற்றினோம். மூன்றாவது ராக்கெட். மறுபடி ஆறு. முகமெல்லாம் சேறு. கப்பலின் இயந்திரம் ஓடத் தொடங்கிவிட்டது. ஆற்று நீர் கடலுக்கு வடிகிற நேரம், இழுப்பு அதிகம். கப்பலின் பின்பக்கம் விலகியது. மீதி, முன்கயிறு ஒன்று. அது விறைத்துவிட்டது. விறைத்த கயிற்றின் கண்ணியைக் கழற்ற முடியாது. மேலேயிருந்து தளர்த்த வேண்டும். உ டே இரு கைகளையும் தூக்கி ஆட்டினார். தலைக்கவசம் போட்ட மாலுமி ஒருவன் பார்த்தான். இருபது வயதிருக்கும். திரும்பி யாரையோ நோக்கிச் சீன மொழியில் கத்தினான். அவன் குரலிலும் பயம்தான். யாரும் வரவில்லை.

"வெட்டு! கோடாலிய எடுத்து வெட்டு!" கட்டைகளுக்குப் பின்னாலிருந்து அதிகாரி கத்தினார்.

"இறுகின கயித்த வெட்டக் கூடாது! அறுந்து அடிச்சா ஆளு செத்துரும்!" உ டே அதிகாரி ஒருவரிடம் குரல் உயர்த்தி நான் கேட்டது அன்றுதான்.

அதிகாரி இரண்டாவது முறை சுட்டார். உ டேயின் தலைக்கு மேலே.

குமார் கோடாலியை எடுத்தான். "அண்ணே, நீ தள்ளிக்க," என்றான்.

முதல் வெட்டு. கயிறு முனகியது. தாழ்வாகத் தொடங்கி மேலே ஏறுகிற சத்தம். முப்பது வருஷம் கயிறு பிடித்தவனுக்கு அது தெரியும். நான் படுத்தேன். படுத்த பிறகுதான் கத்தினேன்.

"குமாரு! படு! படுடா!"

இந்த வரிசையை மாற்ற மாட்டேன். முதலில் படுத்தேன். பிறகு கத்தினேன்.

அறுந்தது. ராக்கெட் மாதிரி இல்லை. ஒரே ஒரு சாட்டையடி. என் வலது காதை உரசிக்கொண்டு போனது. தலையைத் தூக்கினேன். உ டே இடுப்பில் இரண்டாகக் கிடந்தார். குமாருக்கு முகம் இல்லை. ஜோசப்பைக் காணோம். ஆறு ஓடிக்கொண்டிருந்தது.

நான்காவது ராக்கெட் வரவே இல்லை. கப்பல் திரும்பி, கடலைப் பார்த்துப் போனது. அதிகாரி எழுந்தார். உ டேயைத் தாண்டிக் காலை வைத்தார். போனில், "பத்திரமாப் போயிருச்சு," என்றார்.

ராணுவத்தார் என்னைப் பதினொரு நாள் அடைத்து வைத்திருந்தார்கள். கப்பல் நிற்கும் நேரத்தை யாருக்குச் சொன்னாய்? ஒரு காது போயிருந்ததால் பாதிக் கேள்வி கேட்கவில்லை. அதற்கும் அடித்தார்கள்.

பன்னிரண்டாம் நாள் குமாரின் மனைவி மா மேயை வரவழைத்தார்கள். சீனர்கள் வாழும் லான்மடா பகுதியில் கடை வைத்திருக்கும் சீனக் குடும்பத்துப் பெண். கப்பல் வந்த அன்று வாசலில் இரண்டு நாட்டுக் காகிதக் கொடிகளோடு நின்றவள். மேசையில் ஒரு தாள். உ டே, குமார், ஜோசப் மூவரும் அன்று வேலைக்கே வரவில்லை, ஜெட்டியில் யாரும் இல்லை என்று எழுதியிருந்தது. கூட வேலை பார்த்தவன் என்று நான் கையெழுத்துப் போட்டால் உடலைத் தருவார்கள். நான் போடவில்லை. மா மே என் கையைப் பிடித்தாள். அண்ணனைப் பர்மியத்தில் அக்கோ என்றுதான் கூப்பிடுவாள்.

"அக்கோ, போட்டுருங்க. அவர எடுத்துட்டுப் போயிருவோம்."

போட்டேன்.

விருந்தினர் திட்டப்படி புறப்பட்டதாகவும் உயிர்ச்சேதம் இல்லை என்றும் செய்தியில் சொன்னார்களாம். கப்பலுக்குப் போனது ஒரு கயிறு. அதுவும் பாதி. எனக்குப் போனது ஒரு காதும் வேலையும். இறந்தவர்கள் உ டே, என் தம்பி குமார், ஜோசப். உ டேயை இரண்டு சாக்கில் கொடுத்தார்கள். குமாரின் பெட்டியைத் திறக்க விடவில்லை. ஜோசப் கிடைக்கவே இல்லை. இன்சீனில் அவன் அம்மா அவனுடைய சட்டையைப் புதைத்தாள்.

தாளில் இருப்பது பொய். கையெழுத்து என்னுடையது. மூன்று பேரும் ஜெட்டியில்தான் செத்தார்கள். நான் பக்கத்தில் படுத்திருந்தேன்.