மயங்கியவரைக் காணவில்லை

சீனன்குடாவிலிருந்து வந்த பஸ்ஸில், மடியில் ஹெல்மெட் வைத்திருந்த பெண் பக்கத்துச் சீட்டு அக்காவிடம் சொன்னாள்:

“ஊசியைக் கண்டவுடனேதான் எங்களோட வேலை செய்யிற செல்வத்துக்கு மயக்கம் தெளிஞ்சது.”

“என்ன நடந்தது?”

“வேலையில விபத்து நடந்தா எப்பிடி விசாரிக்கிறதெண்டு எங்களுக்குப் பயிற்சி. அவரை மயங்கினமாதிரிக் கிடக்கச் சொன்னவை. நாங்கள் படமெடுக்கப் போனா ஆளில்ல. ஆரோ நிசமெண்டு நினைச்சு ஆட்டோவில ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிட்டினம்.”

“செல்வம் வாய் திறக்கேல்லையோ?”

“மயங்கினவர் கதைக்கக் கூடாதெண்டு சொல்லியிருந்தவையாம்.”

அக்கா குலுங்கிச் சிரித்தார். “எந்த விசரன் ஏத்தினது?”

“அதைத்தான் நாளைக்கு நான் விசாரிக்க வேணும். அந்த நேரம் எங்கட வேலைத்தள வாசல்ல ஆட்டோவோட நிண்டது உங்கட வீட்டுக்காரர், அக்கா.”

சிரிப்பு நின்றது.

“மனிசன் மயங்கிக் கிடந்தா, ஏத்தாமப் படமோ எடுக்கிறது?” என்றார் அக்கா.