ஓகஸ்ட் மாதப் பனி

— திருப்பிச் சொல்லு ஏர்னஸ்ற். ரிவிக்காரன் என்ன சொன்னவன்? ஒரு சொல்லும் விடாமல் சொல்லு.

— மூண்டு தரம் சொல்லிப்போட்டன் கிருபன். யூனிபோர்ம் போட்ட அந்த மனுசன் இத்தாலிப் படத்துக்கு முன்னாலை நிண்டு, கையை மேலையிருந்து கீழை இழுத்தவர். வடதுருவத்துக் குளிர் காத்து இறங்குதாம். இண்டைக்குப் பின்னேரம் சிசிலிக்கு வந்து சேருமாம். மெல்லிய ஸ்னோவும் கொட்டலாமாம்.

— கொட்டும் எண்டவனோ, கொட்டலாம் எண்டவனோ?

— மாதாவே! அந்தாள் என்னட்டைச் சத்தியமோ செய்து தந்தவர்? நானூறு மீற்றருக்கு மேலை கொட்டலாம் எண்டவர்.

— நாங்கள் இருக்கிறது அஞ்சாம் மாடி. இப்ப நிக்கிறது அதுக்கும் மேலை, மொட்டைமாடி. எத்தினை மீற்றர் வரும்?

— இருபது வரும். இன்னும் முந்நூற்றியெண்பதுதான் குறையுது. ஒரு கதிரையைப் போட்டு ஏறி நில்லு.

— நக்கல் அடி, நல்லா அடி. பலேர்மோவுக்கு, இந்தக் கால்சாப் பகுதிக்கு வந்து ஒன்பது வருசம். இந்த மொட்டைமாடியிலை உடுப்புக் காயாத ஒரு சனவரி நான் காணேல்லை. ஒரே ஒரு நாள், ஒரு கைப்பிடி ஸ்னோ. கடவுளுக்கு அது பெரிய வேலையோ?

— போன வருசம் நாலு ஆலங்கட்டி விழ, போர்வையைச் சுத்திக்கொண்டு குசினிக்குள்ளை ஒளிச்ச ஆள் நீ. இப்ப ஸ்னோ கேட்டு அழுறாய்.

— கிருசாந்தினி எனக்கு மனுசியா ஊரிலை இருந்து வந்து பத்து நாள், ஏர்னஸ்ற். பத்து நாளும் விடிய எழும்பி யன்னலைத் திறந்து பாக்கிறாள். வெயில் எறிக்குது. கீழை ஒருத்தன் சேட்டுக் கையை மடிச்சு விட்டுக்கொண்டு தோடம்பழம் விக்கிறான். "எப்ப ஸ்னோ வரும்?" எண்டு கேக்கிறாள். "வாற கிழமை" எண்டு சொல்லிச் சொல்லி எனக்கு வாய் உளையுது.

— கலியாணம் பேசேக்கை ஆர் உனக்கு அந்தப் படத்தை அவளுக்கு அனுப்பச் சொன்னது? "எங்கடை வீட்டு முத்தம், முழங்கால் மட்டும் ஸ்னோ" எண்டு பின்னாலை எழுதி வேறை!

— படம் எடுத்தது ஆர்?

— எடுக்கச் சொல்லிக் காலிலை விழுந்தது ஆர்? தொண்ணூற்றேழு ஓகஸ்ட். திராப்பானி உப்பளம். கொளுத்துற பின்னேர வெயில். உன்ரை வேலைவீட்டுச் சினியோராவின்ரை செத்த மனுசன்ரை கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு உப்புக் குவியலுக்கு மேலை ஏறி நிண்டனி. பூச்சி உருண்டை மணத்திலை எனக்குத் தலையிடி. பின்னாலை நிண்ட காத்தாலைச் சக்கரம் படத்துக்குள்ளை வராமல் இருக்க நான் குந்தியிருந்து எடுத்தனான். உப்பு அள்ளுற ஆக்கள் வேலையை விட்டிட்டு வந்து வேடிக்கை பாத்தவங்கள். உனக்கு மூளை கலங்கிட்டுது எண்டு நினைச்சு ஒருத்தன் தண்ணிப் போத்தலோடை ஓடியந்தவன்.

— வேறை என்னடா செய்ய? சுவிஸ் மாப்பிள்ளை ஒருத்தன் அவளைக் கேட்டுத் தன்ரை படத்தை அனுப்பிப்போட்டான். நிசமான ஸ்னோ. கார் முழுக்க மூடிக் கிடக்கு. நான் ஆர்? பலேர்மோவிலை சினியோரா வீட்டு நிலம் துடைக்கிறவன். வெளிநாடு எண்டால் ஸ்னோ கொட்டவேணும் எண்டுதானே ஊரிலை நினைக்கினம். வெயிலுக்கை வேர்த்துக்கொண்டு நிக்கிற படத்தை அனுப்பினால், "இந்த வெயிலுக்கோ இவன் இவ்வளவு தூரம் போனவன்" எண்டு கேக்கமாட்டினமோ?

— சரி, பஸ் ஏத்தி மலைக்குக் கூட்டிக்கொண்டு போவன். ரெண்டு மணித்தியாலம். அங்கை ஸ்னோ கும்பல் கும்பலாக் கிடக்கு.

— வீட்டு முத்தம் எண்டெல்லோ எழுதிப்போட்டன்.

— அப்ப உண்மையைச் சொல்லு. பிள்ளை சிரிச்சிட்டு விட்டிடும்.

— விடமாட்டாள். அவளின்ரை முதல் கடிதம் என்னட்டை இருக்கு. "கஷ்டத்தைத் தாங்குவன், பொய்யைத் தாங்கமாட்டன்" எண்டு எழுதினவள். சூரிச்சிலை அவளின்ரை தமையன் இருக்கிறான், அங்கை போயிடுவாள். சூட்கேசை அவள் இன்னும் முழுசா அவிழ்க்கவும் இல்லை. நான் வேலையாலை வந்து படி ஏறேக்கை மேலை இருந்து மிளகாய் பொரியிற மணம் வருது, ஏர்னஸ்ற். ஒன்பது வருசமா அந்தப் படியிலை என்ரை சப்பாத்துச் சத்தம் மட்டும்தான். அவள் போயிட்டால் எனக்கு ஏலாது. எனக்குப் பயமாக் கிடக்கு.

— உஷ், படியிலை சத்தம் கேக்குது. வாயை மூடு.

— இஞ்சையோ நிக்கிறியள் ரெண்டு பேரும்? வீடு முழுக்கத் தேடினன். இந்தாங்கோ தேத்தண்ணி. ஏர்னஸ்ற் அண்ணை, உங்களுக்குச் சீனி கூடப் போட்டனான்.

— மாதா உங்களை ஆசீர்வதிப்பா, தங்கச்சி.

— கிருசாந்தினி, ஏன் சால்வை போடாமல் வந்தனீர்? குளிரெல்லோ.

— குளிருதுதான். ஸ்னோ கொட்டுற நாட்டிலை ஏன் வீட்டுக்கை ஒரு ஹீற்றரும் இல்லை எண்டு யோசிச்சுக்கொண்டே வந்ததிலை சால்வையை மறந்திட்டன்.

— அது... பழகின ஆக்களுக்குத் தேவையில்லை. என்ன ஏர்னஸ்ற்?

— ஓமோம். நாங்கள் நல்லாப் பழகிட்டம்.

— பக்கத்து வளவிலை காய்ச்சுத் தொங்குற தேசிக்காய் மரமும் பழகிட்டுதோ?

— இண்டைக்குப் பாருமன். வடதுருவத்துக் காத்து வருது. ரிவியிலையே சொல்லிப்போட்டாங்கள்.

— நல்லதாப் போச்சு. நானும் படத்தைக் கையோடை கொண்டந்தனான். பக்கத்திலை வைச்சுப் பாப்பம் எண்டு.

— அதை ஏன் கொண்டந்தனீர்?

— இதிலை எனக்குக் கொஞ்சம் சந்தேகம் இருக்கு. ஏன் இப்பிடிக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிக்கிறியள்?

— ஸ்னோ கண்ணைக் கூசும்.

— நெத்தியிலை ஒழுகுதே, அது என்ன?

— ஸ்னோ உருகினது.

— நெத்தியிலை மட்டுமோ உருகினது?

— தங்கச்சி, உவனுக்கு நெத்தி எப்பவும் சூடு. சின்னனிலை இருந்தே அப்பிடி.

— நீங்கள் மன்னார், இவர் அச்சுவேலி. சின்னனிலை எங்கை அண்ணை தொட்டுப் பாத்தனீங்கள்? சரி, அது போகட்டும். படத்து மூலையிலை ஓடு அடுக்கிக் கிடக்கே?

— அது வீட்டுக் கூரை. ஸ்னோ கூரை மட்டும் வந்திட்டுது.

— பின்னாலை முழங்கால் மட்டும் எண்டெல்லோ எழுதியிருக்கு?

— ஏர்னஸ்ற், நீ சும்மா நிக்காமல் வானத்தைப் பார்!

— மாதாவாணை அதைத்தான் பாத்துக்கொண்டு நிக்கிறன். எட, கிருபன்! உன்ரை தோளைப் பார்!

— என்ன, பஞ்சோ?

— பஞ்சில்லையடா. அங்கை கோயில் கோபுரத்துப் பக்கம் பார், பறக்குது! கீழை தோடம்பழக்காரன் "நேவே, நேவே" எண்டு கத்துறான்!

— ஸ்னோ! ஐயோ, ஸ்னோ! பாத்தீரோ கிருசாந்தினி? சொன்னனானோ இல்லையோ? நானூறு மீற்றராம், விசரன்! ஏர்னஸ்ற், கெதியாப் போய்க் கமெராவை எடுத்துக்கொண்டு வா. மாமாவுக்கு உடனை படம் அனுப்பவேணும்!

— பொறுங்கோ, என்ரை கையிலையும் ஒண்டு விழுந்திட்டுது.

— வடிவா இருக்கோ? ஏன் நாக்கிலை வைக்கிறீர்?

— உப்புக் கரிக்கேல்லையே.

— என்ன சொன்னனீர்?

— இது கரிக்கேல்லை எண்டனான். படத்திலை நீங்கள் ஏறி நிக்கிறது கரிக்கும்.

— ஏர்னஸ்ற், எங்கை போறாய்?

— கமெரா எடுக்க, மச்சான். ஆறுதலா எடுத்துக்கொண்டு வாறன்.

— போட்டு வாங்கோ அண்ணை. வரேக்கை அந்த ஓலைத் தொப்பியையும் கொண்டு வாங்கோ. நீங்கள் குந்தியிருந்த நிழல் படத்திலை தொப்பியோடை விழுந்திருக்கு.

— கிருசாந்தினி... இது எப்ப உமக்குத் தெரியும்?

— கடிதத்தைப் பிரிச்ச அண்டைக்கே. எங்கடை அப்பா என்ன வேலை செய்தவர் எண்டு உங்களுக்கு ஆரும் சொல்லேல்லையோ?

— அரசாங்கக் கந்தோரிலை எண்டு கலியாணத் தரகர் சொன்னவர்.

— கந்தோர்தான். ஆனையிறவு உப்பளத்துக் கந்தோர். இருபத்திரண்டு வருசம். நான் நடை பழகினதே உப்புப் பாத்தி வரம்பிலை. எனக்கோ உப்பைக் காட்டி ஸ்னோ எண்டு சொல்லுறியள்?

— அப்ப ஏன் பத்து நாளும் யன்னலைத் திறந்து திறந்து கேட்டனீர்?

— இண்டைக்காவது சொல்லுவியள் எண்டு பாத்தனான். நீங்கள் வாற கிழமை எண்டேக்கை காது ரெண்டும் சிவக்கும். அதைப் பாக்கிறதுக்காகவும் கேட்டனான்.

— பொய்யைத் தாங்கமாட்டன் எண்டு எழுதின நீர், இது தெரிஞ்சுகொண்டும் ஏன் வந்தனீர்?

— கம்பளிக் கோட்டோடை வேர்த்து ஒழுகிக்கொண்டு, பல்லைக் காட்டிக்கொண்டு நிக்கிறியள். இந்த மனுசனுக்குப் பொய் சொல்லவே வராது எண்டு நினைச்சனான். ஆனால் இதுதான் கடைசி. இனி ஒண்டு சொன்னால், சத்தியமா சூரிச்சுக்கு றெயின் ஏறிடுவன்.

— சொல்லமாட்டன். உம்மாணை, இனிமேல் சொல்லமாட்டன். மாமாவுக்கும் தெரியுமோ?

— முதல் கண்டுபிடிச்சதே அவர்தான்.

— கோவிச்சவரோ?

— சண்டையோடை உப்பளம் போனதுக்குப் பிறகு அவர் ஒரு குவியல் உப்புக் கண்ணாலை காணேல்லை. இடம்பெயர்ந்து மல்லாவியிலை ஒரு கொட்டிலுக்கை இருந்தனாங்கள். கறிக்குப் போடவே உப்பில்லாத நேரம் உங்கடை படம் வந்தது. விளக்குக்குக் கிட்டப் பிடிச்சுப் பாத்தார். "நாங்கள் உப்புக் குவியலைத் தென்னங்கிடுகாலை மூடினனாங்கள், இவங்கள் ஓட்டாலை மூடுறாங்கள்" எண்டு அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு அழுதார்.

— மாதாவே, நீங்கள் இன்னும் அதே இடத்திலையோ நிக்கிறியள்? இந்தா கமெரா. ஸ்னோ விடப்போகுது, ரெண்டு பேரும் கெதியாச் சேர்ந்து நில்லுங்கோ. தங்கச்சி, அப்பாவுக்கு அனுப்பச் சிரிச்சபடி நில்லுங்கோ.

— வேண்டாம் அண்ணை, ஸ்னோப் படம் ஒண்டு சுவிசிலை இருந்து வந்ததை அப்பா திருப்பி அனுப்பிப்போட்டு, "உப்பு விளையிற நாட்டுக்குத்தான் என்ரை பிள்ளையைக் குடுப்பன்" எண்டவர்.