கியூபா பாட்டில் கூனிமேடு

மரக்காணத்தில் பஸ் ஏறிய இரண்டு பேர் என் முன்சீட்டில் உட்கார்ந்தார்கள். உப்பளம் தாண்டியதும் ஒருவர், "கியூபாவுல நமக்கு ஒரு சாவுப்பா" என்றார்.

"கியூபாவுல உனக்கு யாரு?"

"துபாய்ல நான் வேலை செஞ்ச ஓட்டல்ல கியூபாக்கார அம்மா ஒருத்தங்க பாடுவாங்க, அவங்கதான் போயிட்டாங்க. நம்ம ஊரு கூனிமேடு பேரைப் பாட்டுல சேத்தாங்கன்னு சொன்னேன், நீ நம்பல."

"இப்பவும் நம்பல."

"அந்தப் பாட்டை அவங்க மவ அனுப்பிருக்குது. கேளு."

செல்போனில் டிரம்பெட் முழங்கியது. புரியாத பாஷைக்கு நடுவே ஒரு பெண்குரல் "கூனிமேடு" என்று இழுத்துப் பாடியது.

நண்பர் சீட்டைவிட்டு எழுந்தே விட்டார். "நிறுத்தாதப்பா. வீட்டுக்குப் போன் போடுறேன், அவங்களும் கேக்கட்டும்."