மஞ்சள் பாதையில் ஒரு முழம் கயிறு

கயிறு ஒரு மனிதனை எப்படித் தாங்குகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது புரிந்தால் என் மச்சினன் விஷயம் தானாகப் புரிந்துவிடும்.

உங்கள் ஏறும் பயிற்சிக்கூடத்தின் சுவரில் ஏறுபவர் கயிற்றின் நுனியை இடுப்புப் பட்டையில் கட்டிக்கொண்டு, வழியில் தொங்கும் கொக்கிகளில் அதை மாட்டிக்கொண்டே போகிறார். மறுபக்கத்துக் கயிறு, கீழே நிற்பவரின் இடுப்பிலுள்ள சின்னக் கருவிக்குள் வளைந்து வருகிறது. மேலே போகப் போக நாம் கயிறு விடவேண்டும். அவர் விழுந்தால் அந்த வளைவில் கயிறு இறுகிக்கொள்ளும். வெறும் உராய்வுதான். ஆனால் ஒரு முழு ஆளை ஒற்றைக் கையால் நிறுத்திவிடலாம். நான் லிஃப்ட் மெக்கானிக். இதையெல்லாம் பார்த்தால் எனக்கு மனசு நிறைந்துவிடும்.

மச்சினன் என் மனைவியின் தம்பி, மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். மஞ்சள் பிடிகள் உள்ள பாதையோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டினான். நடுவில் கயிற்றில் தொங்காமல் போய், உச்சி வளையத்தில் கயிற்றை மாட்டினால்தான் ஏறியதாக அர்த்தம். அந்தப் பிடிகளை நாளைக் காலை கழற்றப்போவதாக, மேலாளர் என்ற முறையில் நீங்களே அறிவித்திருந்தீர்கள். இன்று விட்டால் அவனுக்கு வேறு நாள் இல்லை. விரல் நுனித் தோலும் ஒரு முயற்சிக்குத்தான் மிச்சமிருந்தது.

அவன் முடிச்சுப் போடும்போது, கீழே கயிறு பிடிக்க நின்ற நான், லிஃப்ட் கூண்டுக்கு ஈடாக மறுபக்கம் தொங்கும் எதிர் எடை பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன்.

"மாமா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். இன்னிக்கு மட்டும் லிஃப்டை விட்டுடுங்க."

எங்களோடு ஏற வரும் கணக்கு டீச்சர் சிரித்தார். "லிஃப்டுக்குள்ள மாட்டிக்கிறவங்களை நினைச்சாத்தான் பாவமா இருக்கு. அவங்களால எழுந்து ஓடவும் முடியாது."

நானும் சிரித்தேன். ஆனால் அவர் சொன்னது சரிதான். மாட்டிக்கொண்டவர்களுக்கு லிஃப்ட் ஏன் நின்றது என்று முழுதாகச் சொல்லி முடித்த பிறகுதான் கதவைத் திறப்பேன். திறந்துவிட்டால் யாரும் நிற்பதில்லை.

இன்று மச்சினன் பிரமாதமாக ஏறினான். உச்சிக்குப் போய், கடைசிப் பிடியில் ஒரு கையை வைத்துக்கொண்டு, மறு கையால் கயிற்றை இழுத்தான்.

"மாமா, கயிறு!"

ஒரு முழம் விட்டிருந்தால் போதும். வளையத்தில் மாட்டியிருப்பான். அப்புறம் இறங்கி வருவான், டீச்சர் கை தட்டுவார், போட்டோ எடுப்பார்கள், டீ குடிக்கக் கிளம்புவார்கள். நான் சொல்லவந்த எதிர் எடை விஷயம் பாதியில் நிற்கும். அதனால் நான் விடவில்லை.

"மாமா, கயிறு விடுங்க மாமா! கை வழுக்குது!"

வியர்வையும் உராய்வும் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு அவன் விரல்கள் நல்ல உதாரணம். ஒவ்வொன்றாகக் கழன்றன. விழுந்தான். கருவி கச்சிதமாகப் பிடித்துக்கொண்டது, ஒரு கீறல்கூட இல்லை. அந்தரத்தில் மெதுவாகச் சுழன்றுகொண்டிருந்தான்.

"போச்சு," என்றான். அப்புறம், "இறக்குங்க," என்றான்.

நான் எதிர் எடையை முதலிலிருந்து ஆரம்பித்தேன். டீச்சர் உங்களைக் கூப்பிட ஓடினார். அதற்குள் கப்பிகள் வரைக்கும் வந்துவிட்டேன். அவனும் நடுநடுவே கேள்வி கேட்டான். "ஏன் மாமா?" என்றான். "எதுக்கு மாமா?" என்றான். அடிப்படையான, நல்ல கேள்விகள். ஒரு கட்டத்தில் அவன் கண் கலங்கியது. விஷயம் பிடிபடும்போது சிலருக்கு அப்படி ஆவதுண்டு.

ஆக, கயிற்றைப் பிடித்து வைத்தது நான்தான், அதுவும் வேண்டுமென்றே. அதை மறுக்கவில்லை. ஆனால் கடைசி வரைக்கும் அங்கேயே இருந்து கேட்டானே, அது முழுக்க முழுக்க அவனுடைய ஆர்வம்.